பிரேக் போட்டாச்சா?

குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த ஓவியா, எழுந்து போய் அதை மறுபடியும் திருகிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி எழுந்தாள்.

"ஏத்தா, அதான் மூடியிருக்கே" என்றேன்.

"மூடுனேன்னுதான்ப்பா நெனைக்கிறேன். அன்னைக்கும் அப்பிடித்தான நெனச்சேன்."

நான் சர்வேயர். உத்தமபாளையம் தாலுகாவில் அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கெல்லாம் போய், சங்கிலி பிடித்து அளந்து, 'ஒன் எடம் இம்புட்டுத்தான்' என்று கல் ஊன்றிவிட்டு வருகிறவன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அவள் கை செய்த வேலையை அவளுக்கே நிரூபித்துக் காட்ட என்னிடம் சங்கிலி இல்லை.

மூன்று நாளாக இப்படித்தான். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, நான் சொன்னது சொன்னதுதானா என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். வியாழக்கிழமை வருசநாட்டுப் பக்கம் வேளாண்மை அலுவலகத்தில் அவள் வேலையில் சேர வேண்டும். அன்றைக்குப் புதன்கிழமை. ஆர்டர் பீரோவில் இருந்தது. "போகல" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "சம்சாரி வந்து மருந்து எம்புட்டு அடிக்கணும்னு கேப்பாக. நான் ஒரு அளவு சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு வேற அளவு சொல்லிட்டா? ஒரு ஊரு வெள்ளாமை போயிரும்ப்பா" என்கிறாள். இரண்டு வருடம் கண்விழித்துப் படித்து வாங்கிய வேலை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை குமுளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ச்சு. நான், என் மனைவி பஞ்சம்மாள், அவள் தம்பி விஜயபாண்டி, ஓவியா என நாலு பேர் எங்கள் காரில் கிளம்பினோம். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்த ஓவியா ஓட்டினாள். மலைரோட்டில் அவளுக்கு முதல் தடவை. நன்றாகத்தான் ஓட்டினாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவுக்கு மேலே டீக்கடை. ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தினாள். எல்லாரும் இறங்கினோம். நான் கடை வாசலில் நின்றுகொண்டு கத்தினேன்.

"ஏத்தா, பிரேக் போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா!"

இங்கே எங்கள் வீட்டு அகராதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கார் இரண்டாயிரத்து நாலாம் வருட மாடல். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. அதன் உண்மையான ஹேண்ட்பிரேக் டிக்கியில் இருந்தது: பாதியாக உடைந்த ஓர் அம்மிக்கல். ஆப்பு மாதிரி சரிந்த பக்கத்தைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டால் வண்டி மலையோடு மலையாக நின்றுவிடும். இதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளும் அந்த ரோட்டில் கல் கொடுத்துத்தான் நிற்கின்றன. அதனால் எங்கள் வீட்டில் 'பிரேக் போட்டாச்சா' என்றால் 'கல்லு கொடுத்தாச்சா' என்று அர்த்தம். இருபது வருடமாக அப்படித்தான்.

ஓவியா வண்டி பழகியது தேனியில், சமதரையில், டிரைவிங் ஸ்கூலில். அவளுக்கு பிரேக் என்றால் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லிவர். நான் கல்லைக் கேட்டேன், அவள் லிவரைச் சொன்னாள். இரண்டு பேரும் திருப்தியாக டீ சொன்னோம்.

விஜயபாண்டி தண்ணீர் பாட்டில் எடுக்க டிக்கியைத் திறந்தான். அந்த அசைவு போதுமாக இருந்தது. வண்டி பின்னால் நழுவி, அவனை ரோட்டோரக் கட்டைச்சுவரில் வைத்து அமுக்கியது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை. அதாவது, வேறு எதையும் யோசிப்பதில்லை.

நான் பாய்ந்து உள்ளே ஏறி வண்டியை முன்னால் எடுத்தேன். இறங்கியதும், அத்தனை பேர் முன்னால் என் மகளைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன்டி, பிரேக் போடலையா?"

"போட்டேன்ப்பா."

"போட்டா வண்டி எப்பிடிடி உருளும்?"

லிவர் மேலே இருந்ததா, கீழே கிடந்ததா? என் கைதான் அதைக் கடைசியாகத் தொட்டது. ஆனால் என் கைக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தேனி ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்த முதல் சொந்தக்காரரிடம், 'லிவர் கீழ கெடந்துச்சு போல' என்றேன். அடுத்தவரிடமும் அப்படியே சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அந்தப் 'போல' எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அப்போது ஓவியா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் 'போட்டேன்' என்பதை விட்டுவிட்டு, 'போட்டேன்னு நெனச்சேன்' என்று சொல்ல ஆரம்பித்தாள்.

புதன்கிழமை காலை குழாயடியில் நின்ற என் கண்ணில் அந்த அம்மிக்கல் பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு பெட்டி பன்னீர் திராட்சைக்கு டிக்கியில் இடம் பண்ணுவதற்காக அதைத் தூக்கி அங்கே வைத்தது சாட்சாத் நான்தான். வைத்ததை மறந்தும் போயிருக்கிறேன். கல் ஊன்றுவதே பிழைப்பாக இருக்கிறவனுக்குத் தன் கல் எங்கே என்று தெரியவில்லை.

ஓவியாவை அவள் அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் கருத்தக்கண்ணனிடம் போனேன். மார்க்கையன்கோட்டை ரோட்டில் வாழைத்தோப்பை ஒட்டி அவனுடைய தகரக் கொட்டகை. ஒன்பதாவது வரை என்னோடு படித்தவன். நான் பத்தாவதுக்குப் போனேன், அவன் புத்திசாலி.

"வா சர்வேயரே. யாரு எல்லய மீறி வந்தா?"

"கருத்தா, வெளையாடாத. ஹேண்ட்பிரேக் போட்டும் இந்த வண்டி உருளுமா, உருளாதா? அத மட்டும் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். விஷயம் அவன் காதுக்கும் வந்திருந்தது. ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்தான். கர்ர், கர்ர் என்று அஞ்சு பல் ஏறி நின்றது.

"கிண்ணுனு நிக்குதேடா. புது வண்டிகூட இம்புட்டு டைட்டா இருக்காது."

இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினான். அசையவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். என் வேட்டிதான் அவிழ்ந்தது, வண்டி நகரவில்லை.

"பிடிக்குதுப்பா" என்றான் மெதுவாக.

அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் கொட்டகைக்கு வந்து, என் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்ட ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பலிக்கவில்லை. பிரேக் பிடிக்கிறது. அப்படியானால் பிள்ளை போடவில்லை. அப்படியானால் அவள் நினைப்பது சரி. அவள் கை அவளுக்குப் பொய் சொல்கிறது. இனி நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

"அழுகுறியாடா?"

"வேர்க்குது."

"கண்ணுல மட்டும் வேர்க்குது" என்றான். பிறகு திரும்பி லிவரையே பார்த்தான். "லிங்கம், இம்புட்டு டைட்டா நான் வைக்கலையே. யாரு வச்சது?"

"நாந்தான்."

"நீயா? என்ன செஞ்ச?"

"லிவர் லூசாகுறப்பல்லாம் அடியில கேபிள் நட்ட ஒரு சுத்துத் திருகுவேன். ஸ்பேனர் வீட்டுல இருக்கு."

அவன் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனான். அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"மரையே முடிஞ்சு போச்சுடா. இதுக்கு மேல திருக எடமில்ல. லிவர் ஏன் லூசாகுதுன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சியா? உள்ள சக்கரத்தப் பிடிக்கிற பிரேக் ஷூ லைனிங் தேயுது. நீ தேய்மானத்தப் பாக்காம கயித்த இழுத்து இழுத்துக் கட்டியிருக்க. கைக்கு டைட்டாத்தான் இருக்கும். சக்கரத்துக்குல்ல தெரியணும்? ரெண்டு வருசம் முன்னாடியே சொன்னேனா இல்லையா, பின்னாடி ஷூ மாத்தணும்னு?"

"சொன்ன."

"நீ என்ன சொன்ன?"

"டிக்கில கல்லு இருக்குன்னு."

"பின்னாடி கரகரன்னு சத்தம் வரல?"

"வந்துச்சு. ரேடியோவக் கூட்டி வச்சேன்."

அவன் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டான். என் தலையில் அடிக்காதது அவன் பெருந்தன்மை.

"சமதரையில எதையும் நம்பக் கூடாது. ஒத்தச் சக்கரம் பிடிச்சாலே வண்டி நின்னுரும். தூக்கிப் பாப்போம்" என்றான்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினான். லிவர் இழுத்தது இழுத்தபடி இருந்தது. இடது சக்கரத்தைச் சுற்றினான். சுற்றவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினான். அசையவில்லை. வலது பக்கம் போனான். ஒரு கையை வைத்துத் தள்ளினான்.

சர்ர்ரென்று சுற்றியது. கோயில் கொடையில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவன் சக்கரத்தைக் கழற்றி, மூடி மாதிரி இருந்த பிரேக் ட்ரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான். கறுப்புத் தூசி கொட்டியது. உள்ளே இருந்து பிறை மாதிரி வளைந்த பிரேக் ஷூவை எடுத்து என் கையில் வைத்தான். அதன் வெளிவளைவில் லைனிங் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு பளபளத்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அழுக்கு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அளந்து பாரு சர்வேயரே" என்றான்.

அளக்க ஒன்றுமில்லை.

"அப்ப ஓவியா பிரேக் போட்டிருக்கா!" என்று கத்தினேன். "போட்டும் பிடிக்கல! இதான சாட்சி!"

"ஏலே, அவசரப்படாத." அவன் குரல் இறங்கியது. "இந்த ஷூ பிடிக்காதுன்னு இது சொல்லும். பிள்ள லிவர இழுத்துச்சான்னு இது எங்கடா சொல்லுது? இழுக்காம விட்டிருந்தாலும் ஷூ இப்பிடித்தான இருந்திருக்கும்?"

மறுபடியும் டயர் மேல் உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரி. இதைத்தான் ஓவியாவும் சொல்வாள். அவள் கெட்டிக்காரி, என் ஆதாரத்தை அரை நிமிடத்தில் உடைத்துவிடுவாள். வாழைத்தோப்பில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் கண்ணில் வேர்க்க விட்டேன்.

கருத்தக்கண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கியர்ல போட்டு நிறுத்தச் சொல்லி டிரைவிங் ஸ்கூல்ல சொல்லியிருப்பாகளே?"

"நாந்தான் வேணாம்னேன். ஒருக்கா கியர்ல கெடந்தது தெரியாம சாவியத் திருகி, வீட்டு கேட்ட இடிச்சுட்டேன்."

"ஒன் பெருமையெல்லாம் ஒண்ணொண்ணா வருது" என்றபடி லிவரை இறக்கிவிட்டு, இடது சக்கரத்தின் முன் குந்தினான். டயரை மெதுவாக, ஒரு சாண் ஒரு சாணாகச் சுற்றினான். பாதிச் சுற்றில் நிறுத்தினான். உள்ளங்கையை வைத்துத் தடவினான்.

"லிங்கம், இங்கன வா."

"என்ன?"

"கைய வையி."

வைத்தேன். டயர் முழுக்க வரிவரியாகப் பட்டை இருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, ராவி விட்ட மாதிரி சொரசொரவென்று தட்டையாக இருந்தது. ரப்பரில் பொடிக்கல் இரண்டு குத்தி நின்றது.

"உருளுற டயரு சுத்திலும் ஒண்ணு போலத் தேயும்" என்றான். "ஒரே எடத்துல இப்பிடித் தேயணும்னா, டயரு சுத்தாம நின்னுக்கிட்டே ரோட்டுல இழுபட்டிருக்கணும். அதுவும் புதுத் தேய்மானம், பாரு, கறுப்புக்கூட மங்கல. பின்சக்கரம் சுத்தாம நிக்கணும்னா?"

"லிவர் போட்டிருக்கணும்."

"முழுசாப் போட்டிருக்கணும். கால் பிரேக்க மிதிக்க அப்ப உள்ள ஆளில்ல. வலது பக்கம் ஷூ செத்துப் போச்சு, அது உருண்டுருச்சு. இடது ஒத்தையா எழவெடுத்துக்கிட்டுப் பிடிச்சிருக்கு. பொடிக்கல்லு கெடந்த ஏத்தம், பின்னாடி பாரம், எம்புட்டு நேரம் தாங்கும்? இழுத்துக்கிட்டே போயிருச்சு. ஒன் மக பிரேக் போட்டுத்தான்டா எறங்கியிருக்கு."

நான் அந்தத் தேய்ந்த இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நாலு மாதக் குழந்தையின் உச்சந்தலையைத் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டே இருந்தேன். எல்லார் முன்னாலும் 'போட்டேன்ப்பா' என்றாளே, அதைக் கேட்டுக்கொண்டு நின்றது இந்த டயர் ஒன்றுதான்.

"இந்த வீல எனக்குக் குடு."

"எதுக்கு?"

"தேனிக்குக் கொண்டு போகணும்."

"போட்டோ எடுத்துட்டுப் போயேன்டா."

"போட்டோவ நம்பமாட்டா. கைய வச்சுப் பாக்கணும்."

அவன் சக்கரத்தைக் கழற்றினான். ஷூவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டேன். அவன் பையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, டயரு போதும்டா. இத எதுக்குக் காட்டுற? பொம்பளப்பிள்ள போட்டுச்சு, பிரேக் பிடிக்கல, வண்டி பழசு. அதோட விடு. ரெண்டு வருசமா நீ மாத்தாம விட்டது, கல்ல எறக்கி வச்சது எல்லாம் விஜயபாண்டிக்கு எதுக்கு? காலு ஒடஞ்சு கெடக்கான். பஞ்சு ஒன்னிய வெட்டிப் போட்டுருவா."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொட்டகையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை டயரை உருட்டிக்கொண்டு போகிற தூரம் முழுக்க அதை ஆசை ஆசையாக யோசித்தேன். ஆனால் ஓவியா விட மாட்டாள். 'போட்டேன்னா ஏன் உருண்டுச்சு?' என்று கேட்பாள். அதற்குப் பதில் பைக்குள் இருந்தது. பதில் தெரியாவிட்டால் மறுபடியும் குழாயடிக்குத்தான் போவாள்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே, மிச்ச வண்டி பின்னாடி வருதா?" என்றார். யாரும் எனக்கு இடம் தரவில்லை. நான் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மறித்தார். "எங்க கொண்டு போறீக? டயரெல்லாம் வார்டுக்குள்ள விடமாட்டாக."

"இது சாட்சி சார்" என்றேன்.

"கோர்ட்டு அந்தப் பக்கம்" என்றார்.

நான் சட்டென்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "சரி சரி, உருட்டாதீக, தூக்கிக்கிட்டுப் போங்க" என்று விட்டுவிட்டார். இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன்.

விஜயபாண்டி காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். பஞ்சம்மாள் அவனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஓவியா ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு டயரைப் பார்த்தார்கள். பஞ்சம்மாளின் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது.

"ஏத்தா, கையக் கொண்டா" என்றேன்.

"என்னப்பா இது?"

"கையக் கொண்டா."

அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். கருத்தக்கண்ணன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். நடுவில் மூச்சு வாங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொரசொரப்பைத் தடவினாள். பக்கத்தில் தடவினாள். திரும்ப அதே இடத்துக்கு வந்தாள்.

"அப்ப போட்டேனாப்பா?"

"போட்ட. முழுசாப் போட்ட."

"போட்டா ஏன்ப்பா உருண்டுச்சு?"

கேட்டுவிட்டாள். பையிலிருந்து ஷூவை எடுத்துக் கட்டிலில், விஜயபாண்டியின் நல்ல காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெண்டு வருடத்தைச் சொன்னேன். ஸ்பேனரைச் சொன்னேன். ரேடியோவைச் சொன்னேன். திராட்சைப் பெட்டியையும் கல்லையும் சொன்னேன். லிவர் கீழே கிடந்ததை நான் பார்க்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் வெகு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விஜயபாண்டி ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாழைத்தார் வியாபாரி, காய் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அப்ப மச்சான், என் கால ஒடச்சது நீங்க."

"ஆமா மாப்ள."

"மூணு நாளா இந்தப் பிள்ள என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது."

"ஆமா."

"டயர வெளிய கொண்டு போய் வைங்க. நாறுது" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பஞ்சம்மாள் இட்லித் தட்டை மூடி வைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு இருபத்தி நாலு வருடமாகத் தெரியும். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஓவியா தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க டயர்க் கறுப்பு. எழுந்து, வார்டு மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனாள். சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாள். குழாயை மூடினாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து, மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது வந்தது. நூறு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வருசநாட்டுக்கு எத்தன மணிக்குப்பா பஸ்ஸு?" என்று கேட்டாள். குரலில் என் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது.

"கேட்டுட்டு வாரேன்" என்று டயரைத் தூக்கினேன். போகிற வழியில் வாஷ்பேசினை எட்டிப் பார்த்தேன். குழாய் சொட்டவில்லை. இருந்தாலும் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.